நிறுவன முடிவுகளில் மென்பொருள்: தலைமைச் செயல் அதிகாரிகள் கேட்க வேண்டிய கேள்விகள் என்ன?

புதுதில்லி: மென்பொருள் மூலம் கணக்குகளைப் பராமரிக்கும் ஒவ்வொரு நிறுவனமும், அதில் செய்யப்படும் ஒவ்வொரு திருத்தத்தையும் தேதியுடன் தானாகவே பதிவு செய்யும் வசதி கொண்ட மென்பொருளையே பயன்படுத்த வேண்டும் என்ற விதி 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. இந்த வசதியை முடக்கி வைக்கவும் அனுமதி இல்லை. ஆண்டு முழுவதும் அது செயல்பட்டதா என்பதைத் தணிக்கையாளர் தமது அறிக்கையில் தெரிவிக்க வேண்டும்.

அதே ஆண்டு ஆகஸ்ட் 1 முதல், ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டும் நிறுவனங்கள், பிற வணிக நிறுவனங்களுக்கு வழங்கும் விலைப்பட்டியலை ஜிஎஸ்டி அமைப்பின் மின்னணு முறையில் பதிவு செய்வது கட்டாயமாக்கப்பட்டது. 2025 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த வரையறையின்படி, 10 கோடி ரூபாய் வரை விற்றுமுதல் கொண்டவை குறு நிறுவனங்களாகவே கருதப்படுகின்றன. அதாவது, குறு நிறுவனங்களில் ஒரு பகுதியும் இந்த மின்னணு வளையத்துக்குள் வந்துவிட்டது.

ஆகவே, மென்பொருளும் தரவுகளும் பெருநிறுவனங்களுக்கு மட்டுமே உரியவை என்ற நிலை இன்று இல்லை. அவை வரித் தாக்கலுக்கும் தணிக்கைக்கும் மட்டும் பயன்படுகின்றனவா, அல்லது நிறுவனத்தின் தலைவர் எடுக்கும் முடிவுகளுக்கும் உதவுகின்றனவா என்பதே கேள்வி. மென்பொருளை நம்பி எடுக்கப்பட்ட முடிவுகள் சில நிறுவனங்களை உயர்த்தியுள்ளன. வேறு சில நிறுவனங்களில் ஆயிரக்கணக்கானோர் வேலை இழக்கக் காரணமாகவும் அமைந்துள்ளன.

நான்கு வகைப் பணிகள்

நிறுவனத் தலைவர்களுக்கு உதவும் மென்பொருள்களின் பணியை நான்காகப் பிரிக்கலாம். முதலாவது, நடந்ததைப் பதிவு செய்வது. கணக்கியல் மென்பொருளும், கொள்முதல், உற்பத்தி, விற்பனை, ஊதியம் ஆகியவற்றை ஒன்றிணைக்கும் ஈஆர்பி மென்பொருளும் இதைச் செய்கின்றன. இரண்டாவது, பதிவானதைத் தொகுத்துக் காட்டுவது. டாஷ்போர்டு எனப்படும் தகவல் பலகைகள் இவ்வகையைச் சேர்ந்தவை.

மூன்றாவது, இனி நடக்கக் கூடியதை முன்கணிப்பது. அடுத்த மாதம் எந்தக் கிளையில் எவ்வளவு விற்பனையாகும் என்ற மதிப்பீடு இதற்கு எடுத்துக்காட்டு. நான்காவது, 'இப்படிச் செய்தால் என்ன ஆகும்' என்ற கேள்விக்கு வெவ்வேறு சூழல்களைக் கணக்கிட்டுக் காட்டுவது.

பல நிறுவனங்கள் முதல் இரண்டு பணிகளோடு நின்றுவிடுகின்றன. கடந்த மாத விற்பனை வண்ணப் படங்களாகத் திரையில் தெரியும்; ஆனால் அதைப் பார்த்து எந்த முடிவை மாற்ற வேண்டும் என்பது தெளிவாக இருக்காது. ஓர் எண் கூடினாலும் குறைந்தாலும் தலைவர் செய்யப்போவதில் எந்த மாற்றமும் இல்லை என்றால், அந்த எண் அவரது திரையில் இடம்பெறத் தேவையில்லை. எனவே மென்பொருளைத் தேர்வு செய்வதற்கு முன்பு, எந்த முடிவுக்காக அது தேவைப்படுகிறது என்பதை நிர்ணயிப்பது அவசியமாகிறது.

ஏசியன் பெயின்ட்ஸ்: அன்றாட முடிவுக்குக் கணினி

கேள்வியை முதலில் தெளிவாக வகுத்துக்கொண்ட நிறுவனத்துக்கு இந்தியாவிலேயே முன்னுதாரணம் உண்டு. 1942-ஆம் ஆண்டு மும்பையில் தொடங்கப்பட்ட ஏசியன் பெயின்ட்ஸ் நிறுவனம், நாட்டில் கணினிகள் மிக அரிதாக இருந்த 1970-ஆம் ஆண்டிலேயே கணினியை வாங்கியது. மொத்த வியாபாரிகளைச் சார்ந்திராமல் சில்லறை டீலர்களுக்கு நேரடியாகச் சரக்கு அனுப்பும் முறையை அந்நிறுவனம் பின்பற்றியது.

வண்ணப்பூச்சு வணிகத்தில் இந்த முறை எளிதானதல்ல. ஒரே பூச்சு நூற்றுக்கணக்கான வண்ணங்களிலும், பல்வேறு அளவு டப்பாக்களிலும் விற்கப்படுகிறது. தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் தேவை உயரும், மழைக்காலத்தில் குறையும். டீலரின் கடையிலோ இடம் குறைவு. வாடிக்கையாளர் கேட்கும் வண்ணம் இல்லையெனில் அவர் அடுத்த கடைக்குச் சென்றுவிடுவார். தேவைக்கு அதிகமாக இருப்பு வைத்தால் டீலரின் பணம் முடங்கும்.

எந்த ஊருக்கு, எந்த வண்ணம், எந்த அளவில், எப்போது அனுப்ப வேண்டும் என்பது ஆண்டுக்கு ஒருமுறை எடுக்கப்படும் முடிவன்று. அன்றாடம் எடுக்க வேண்டிய முடிவு. விற்பனை விவரங்களைக் கணினியில் திரட்டித் தேவையை மதிப்பிட்டதால், டீலர்கள் குறைந்த இருப்புடன் கடை நடத்த முடிந்தது. பல நகரங்களில் ஒரே நாளில் பலமுறை சரக்கு அனுப்பும் அளவுக்கு இம்முறை வளர்ந்தது.

மென்பொருள் அதிகப் பயன் தருவது இத்தகைய முடிவுகளில்தான். முடிவு அடிக்கடி எடுக்கப்படுகிறது. அது சரியா, தவறா என்பது சில நாள்களிலேயே தெரிந்துவிடுகிறது. தவறிலிருந்து கற்று அடுத்த மதிப்பீட்டைத் திருத்தவும் முடிகிறது. மாறாக, புதிய நாட்டில் கால் பதிப்பது, போட்டி நிறுவனத்தை வாங்குவது போன்ற முடிவுகள் அரிதாகவே எடுக்கப்படுபவை. அவற்றுக்குப் பழைய தரவுகள் குறைவு. விளைவு தெரியப் பல ஆண்டுகள் ஆகும். அங்கே மென்பொருள் வழங்கும் எண்ணை விடையாகக் கொள்ளாமல், விவாதத்தின் தொடக்கமாக மட்டுமே கொள்ள வேண்டியுள்ளது.

லாபம் உண்டு, கையில் பணம் இல்லை

'இப்படிச் செய்தால் என்ன ஆகும்' என்ற கணக்கீடு சிறிய நிறுவனத்துக்கும் எவ்வாறு உதவும் என்பதைக் கற்பனையான ஓர் எடுத்துக்காட்டின் மூலம் காணலாம். ஓர் உற்பத்தி நிறுவனத்துக்கு 4 கோடி ரூபாய் மதிப்பிலான ஆர்டர் வருகிறது. செலவு 3.6 கோடி ரூபாய். லாபம் 40 லட்சம் ரூபாய். காகிதத்தில் பார்த்தால் ஏற்றுக்கொள்ளத்தக்க ஆர்டர்.

இதே விவரங்களைப் பணப்புழக்கக் கணக்கீட்டில் இட்டால் வேறொரு சித்திரம் தோன்றும். மூலப்பொருளுக்கான 2.4 கோடி ரூபாயை முதல் மாத இறுதியில் செலுத்த வேண்டும். ஊதியம், மின்சாரம் உள்ளிட்டவற்றுக்கு மாதம் 60 லட்சம் ரூபாய் வீதம் இரண்டு மாதங்களுக்கு 1.2 கோடி ரூபாய் தேவை. வாடிக்கையாளர் பணம் தருவதோ, இரண்டாம் மாத இறுதியில் சரக்கு ஒப்படைக்கப்பட்டு 90 நாள்களுக்குப் பிறகு. நிறுவனத்தின் கைவசம் 1.5 கோடி ரூபாயும், பயன்படுத்தப்படாத வங்கிக் கடன் வரம்பாக 1 கோடி ரூபாயும் உள்ளன.

முதல் மாத இறுதியிலேயே 50 லட்சம் ரூபாய் பற்றாக்குறை ஏற்படும். இரண்டாம் மாத இறுதியில் அது 1.1 கோடி ரூபாயாக உயரும். லாபம் தரும் ஆர்டரே ஊதியம் வழங்க முடியாத நிலைக்கு நிறுவனத்தைத் தள்ளக்கூடும்.

அடுத்ததாக, வாடிக்கையாளரிடம் 30 சதவீதத்தை, அதாவது 1.2 கோடி ரூபாயை முன்பணமாகப் பெற்றால் என்ன ஆகும் என்று கணக்கிடலாம். இரண்டாம் மாத இறுதியில் 10 லட்சம் ரூபாய் மிஞ்சும். மூலப்பொருள் விலை 8 சதவீதம் உயர்ந்தால்? கூடுதலாக 19.2 லட்சம் ரூபாய் தேவைப்படும், மீண்டும் 9.2 லட்சம் ரூபாய் பற்றாக்குறை, லாபமும் 20.8 லட்சம் ரூபாயாகச் சுருங்கும்.

இந்தக் கணக்கீட்டுக்கு விலையுயர்ந்த மென்பொருள் தேவையில்லை. சாதாரண விரிதாளே போதுமானது. ஆர்டரை ஏற்பதா, மறுப்பதா என்ற கேள்வி, எவ்வளவு முன்பணம் கேட்பது, மூலப்பொருள் விலையை முன்கூட்டியே உறுதி செய்துகொள்வது எப்படி என்ற கேள்விகளாக மாறுவதே இதன் பயன். முடிவு எந்த அனுமானத்தின் மீது நிற்கிறது என்பதையும், அந்த அனுமானம் எவ்வளவு பிசகினால் முடிவு தவறாகும் என்பதையும் மென்பொருள் காட்டுகிறது.

தரவு தவறானால்: டார்கெட் நிறுவனத்தின் கனடா அனுபவம்

கணக்கீடு சரியாக இருந்தாலும், உள்ளிடப்படும் விவரம் தவறானால் விளைவு விபரீதமாகும். அமெரிக்காவின் சில்லறை விற்பனை நிறுவனமான டார்கெட், 2011-ஆம் ஆண்டு கனடாவில் ஜெல்லர்ஸ் நிறுவனத்தின் கடைகளுக்கான குத்தகை உரிமையைப் பெற ஒப்பந்தம் செய்தது. 2013 மார்ச் மாதம் தொடங்கி ஒரே ஆண்டில் நூற்றுக்கும் மேற்பட்ட கடைகளைத் திறந்தது. இதற்காகக் கனடா பிரிவில் புதிய ஈஆர்பி மென்பொருள் நிறுவப்பட்டது.

பல்லாயிரக்கணக்கான பொருள்களின் அளவு, எடை, விலை உள்ளிட்ட விவரங்கள் குறுகிய காலத்தில் அவசரமாக உள்ளிடப்பட்டன. அவற்றில் ஏராளமான பிழைகள் இருந்ததாகப் பின்னர் ஊடகச் செய்திகள் தெரிவித்தன. பொருளின் அளவு தவறாகப் பதிவானால், ஒரு பெட்டியில் எத்தனை அடங்கும், அலமாரியில் எத்தனை வைக்கலாம் என்ற கணக்குகள் அனைத்தும் தவறாகும். கிடங்குகள் நிரம்பி வழிந்த அதே வேளையில் கடைகளின் அலமாரிகள் காலியாகக் கிடந்தன.

அந்தச் செய்திகளில் மற்றொரு தகவலும் இடம்பெற்றிருந்தது. இருப்பு இல்லாத பொருள்களின் எண்ணிக்கையைக் கொண்டு ஊழியர்களின் செயல்பாடு மதிப்பிடப்பட்டதால், சிலர் குறிப்பிட்ட பொருள்களுக்கான தானியங்கி மறுகொள்முதல் வசதியை நிறுத்திவைத்தனர். அவ்வாறு நிறுத்தப்பட்ட பொருள்கள் 'இருப்பு இல்லை' என்ற பட்டியலில் இடம்பெறாது. அலமாரி காலியாக இருந்தும், தலைமை அலுவலகத்துக்குச் செல்லும் அறிக்கையில் நிலைமை மேம்பட்டதாகத் தோன்றியது.

2015 ஜனவரியில், பொறுப்பேற்றுச் சில மாதங்களே ஆகியிருந்த தலைமைச் செயல் அதிகாரி பிரையன் கார்னெல், கனடாவிலிருந்து முழுமையாக வெளியேறும் முடிவை அறிவித்தார். 133 கடைகள் மூடப்பட்டன. சுமார் 17,600 ஊழியர்கள் வேலை இழந்தனர். அவசர விரிவாக்கம், விலை நிர்ணயம் எனத் தோல்விக்குப் பிற காரணங்களும் இருந்தன. எனினும், திரையில் தெரியும் எண்ணை அவ்வப்போது கடைக்கும் கிடங்குக்கும் நேரில் சென்று ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியதன் அவசியத்தை இந்நிகழ்வு உணர்த்துகிறது.

முன்கணிப்பின் எல்லை: ஜில்லோ

தரவு ஓரளவு சரியாக இருந்தாலும் முன்கணிப்புக்கு எல்லை உண்டு. அமெரிக்காவின் ஜில்லோ இணையதளம், வீடுகளின் சந்தை மதிப்பை மென்பொருள் மூலம் மதிப்பிட்டு வெளியிட்டதன் வாயிலாகப் புகழ்பெற்றது. 2018-ஆம் ஆண்டு அந்நிறுவனம் தானே வீடுகளை வாங்கி விற்கும் தொழிலில் இறங்கியது. 2021 நவம்பரில் அத்தொழிலைக் கைவிடுவதாகத் தலைமைச் செயல் அதிகாரி ரிச் பார்டன் அறிவித்தார். வீட்டு விலைகளை முன்கணிப்பதில் உள்ள நிச்சயமின்மை எதிர்பார்த்ததைவிட மிக அதிகம் என்பதே அவர் கூறிய காரணம். அந்தக் காலாண்டு அறிக்கையில் வீடுகளின் மதிப்பில் 30.4 கோடி டாலர் குறைத்துக் காட்டப்பட்டது. பணியாளர்களில் சுமார் 25 சதவீதத்தினரைக் குறைக்கும் முடிவும் அறிவிக்கப்பட்டது.

மதிப்பீட்டில் சில வீடுகளுக்கு விலை கூடுதலாகவும், சிலவற்றுக்குக் குறைவாகவும் வருவது இயல்பு. தகவலாக மட்டும் வெளியிடும்போது இவை ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும். ஆனால் அதே மதிப்பீட்டை வைத்து வீடு வாங்க முன்வரும்போது நிலைமை மாறுகிறது. குறைவான விலை கூறப்பட்ட உரிமையாளர் விற்க மறுத்துவிடுவார். கூடுதல் விலை கூறப்பட்டவர் உடனே விற்றுவிடுவார். வாங்கும் நிறுவனத்திடம் வந்து சேர்வது பெரும்பாலும் இரண்டாம் வகைப் பிழையே.

ஆகவே ஒரு மென்பொருள் சராசரியாக எவ்வளவு துல்லியமானது என்று கேட்பது மட்டும் போதாது. அது தவறும்போது எந்தத் திசையில் தவறும், அந்தத் தவறால் யார் பயனடைவார்கள், நிறுவனத்துக்கு எவ்வளவு இழப்பு ஏற்படும் என்பவையும் தலைவர் கேட்க வேண்டிய கேள்விகளாகும்.

நிறுத்தும் அதிகாரம் யாருக்கு?

மென்பொருள் தானாகவே முடிவெடுத்துச் செயல்படும் இடங்களில், அதை நிறுத்தும் அதிகாரம் யாரிடம் உள்ளது என்பது முன்கூட்டியே வரையறுக்கப்பட்டிருக்க வேண்டும். அமெரிக்கப் பங்குத் தரகு நிறுவனமான நைட் கேப்பிட்டலுக்கு 2012 ஆகஸ்ட் 1 அன்று நேர்ந்தது இதற்குச் சான்று. புதிய வர்த்தக மென்பொருள் எட்டு சர்வர்களில் ஒன்றில் மட்டும் நிறுவப்படாமல் விடுபட்டது. அந்த சர்வரில் இருந்த பழைய நிரல் உயிர்பெற்று, தேவையற்ற ஆர்டர்களை வெள்ளமெனச் சந்தைக்கு அனுப்பியது. சுமார் 45 நிமிடங்களில் 46 கோடி டாலருக்கும் அதிகமான இழப்பு ஏற்பட்டது.

சந்தை திறப்பதற்கு முன்பே அந்நிறுவனத்தின் கணினி அமைப்பு, பிழையைச் சுட்டும் 97 மின்னஞ்சல்களை ஊழியர்களுக்குத் தானாக அனுப்பியிருந்ததாகவும், அவற்றின் மீது நடவடிக்கை எடுக்கப்படவில்லை என்றும் அமெரிக்கப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பு 2013-இல் வெளியிட்ட உத்தரவில் குறிப்பிட்டது. எச்சரிக்கை வந்தது, ஆனால் அதைப் பார்த்து உடனே செயல்பட வேண்டிய பொறுப்பு எவரிடமும் ஒப்படைக்கப்பட்டிருக்கவில்லை. சுதந்திரமாக இயங்கிவந்த அந்நிறுவனம் அடுத்த ஆண்டே மற்றொரு நிறுவனத்துடன் இணைக்கப்பட்டது.

சட்டம் என்ன சொல்கிறது?

இந்தியாவில், 2013-ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 166-ஆவது பிரிவின்படி, இயக்குநர்கள் உரிய கவனத்துடனும் திறமையுடனும் விழிப்புடனும் செயல்பட வேண்டும். தமது சுயமான மதிப்பீட்டின்படி முடிவெடுக்க வேண்டும். பட்டியலிடப்பட்ட நிறுவனங்களில், நிதிநிலை அறிக்கைகள் தொடர்பாகத் தலைமைச் செயல் அதிகாரியும் தலைமை நிதி அதிகாரியும் இயக்குநர் குழுவுக்குச் சான்றளிக்க வேண்டும் என்று செபி விதிகள் கூறுகின்றன. இந்தக் கடமையை மென்பொருளிடம் ஒப்படைக்க இவற்றில் இடமில்லை.

செயற்கை நுண்ணறிவைப் பொறுத்தவரை, தனது கட்டுப்பாட்டின் கீழ் வரும் நிறுவனங்கள் அத்தகைய கருவிகளைப் பயன்படுத்தினால், அவற்றின் விளைவுகளுக்கு அந்நிறுவனங்களே பொறுப்பு என்று 2025 பிப்ரவரியில் வெளியிட்ட திருத்த விதிமுறைகளில் செபி தெளிவுபடுத்தியது. கருவியைத் தாமே உருவாக்கினாலும், வெளியாரிடமிருந்து வாங்கினாலும் இது பொருந்தும்.

நீண்ட ஆவணங்களைச் சுருக்கவும், அறிக்கைகளை எழுதவும் உரையாடல் வகைச் செயற்கை நுண்ணறிவுச் செயலிகளை நாடும் போக்கு அதிகாரிகளிடையே பெருகி வருகிறது. இச்செயலிகள் இல்லாத தகவலையும் இருப்பதுபோல் நம்பும்படி எழுதக்கூடியவை என்பதால், அவை தரும் ஒவ்வொரு எண்ணையும் மூல ஆவணத்துடன் சரிபார்ப்பது அவசியம். வாடிக்கையாளர், ஊழியர் விவரங்களைப் பதிவேற்றும்போது 2023-ஆம் ஆண்டின் மின்னணு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைக் கருத்தில் கொள்ள வேண்டும். பங்கு விலையைப் பாதிக்கக்கூடிய, இன்னும் வெளியிடப்படாத தகவல்களை வெளிச் செயலிகளில் இடுவது உள்பேர வணிகத் தடுப்பு விதிகள் தொடர்பான சிக்கலுக்கும் வழிவகுக்கக்கூடும்.

நடைமுறையில் செய்யத்தக்கவை

முதலில், அடுத்த ஓராண்டில் அடிக்கடி எடுக்க வேண்டிய மூன்று அல்லது நான்கு முடிவுகளைத் தலைவர் பட்டியலிடலாம். எவ்வளவு இருப்பு வைப்பது, யாருக்கு எத்தனை நாள் கடன் தருவது, எந்தப் பொருளின் விலையை மாற்றுவது என்பன போன்றவை அவை. மென்பொருளுக்கான செலவு இந்தப் பட்டியலிலிருந்து தொடங்கினால், பயன்படாத வசதிகளுக்குப் பணம் செலவிடுவதைத் தவிர்க்கலாம்.

இரண்டாவதாக, ஒவ்வொரு முக்கியத் தரவுக்கும் பெயர் குறிப்பிட்டு ஒரு பொறுப்பாளரை நியமிக்க வேண்டும். பொருளின் எடையும் விலையும் தவறாக இருந்தால் யாரைக் கேட்பது என்பது அனைவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

மூன்றாவதாக, புதிய மென்பொருளை ஒரே நாளில் எல்லாக் கிளைகளிலும் நடைமுறைப்படுத்தாமல், ஓரிரு கிளைகளில் பழைய முறையுடன் இணையாக இயக்கிப் பார்ப்பது நல்லது. இரண்டின் முடிவுகளும் வேறுபடும் இடங்களில்தான் பிழைகள் வெளிப்படும்.

நான்காவதாக, பெரிய முடிவுகளுக்கு முன்பு, 'இந்தத் திட்டம் ஓராண்டில் தோல்வியடைந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம்; காரணம் என்னவாக இருக்கும்?' என்ற கேள்விக்கு நிர்வாகக் குழுவினர் தனித்தனியே விடை எழுதலாம். இம்முறையை உளவியலாளர் கேரி கிளைன் 2007-ஆம் ஆண்டு வெளியான கட்டுரையில் விளக்கியுள்ளார். தலைவரின் முன்னிலையில் வாய் திறக்கத் தயங்கும் இளநிலை அதிகாரிகளின் ஐயங்களும் இதனால் வெளிவரும். அந்தக் காரணங்களை ஒவ்வொன்றாக மென்பொருளில் இட்டு, எது அதிக இழப்பைத் தரும் என்று கணக்கிடலாம்.

ஐந்தாவதாக, முடிவு எடுக்கப்படும் நாளிலேயே அதற்கான காரணம், நம்பிய அனுமானங்கள், எதிர்பார்த்த விளைவு, எந்த நிலை ஏற்பட்டால் முடிவைக் கைவிடுவது ஆகியவற்றை எழுதிவைக்க வேண்டும். பின்னர் விளைவு தெரிந்ததும் இரண்டையும் ஒப்பிடலாம். இதைச் செய்யாத நிறுவனத்தில் வெற்றி கிடைத்தால் அது தலைவரின் திறமையாகவும், தோல்வி ஏற்பட்டால் அது சந்தையின் குற்றமாகவும் நினைவில் நின்றுவிடும்.

கணக்குப் புத்தகத்தில் ஓர் எண்ணை யார், எப்போது மாற்றினார் என்பதைப் பதிவு செய்யுமாறு சட்டம் கட்டாயப்படுத்துகிறது. நூற்றுக்கணக்கானோரின் வேலையைத் தீர்மானிக்கும் முடிவு எந்தக் காரணத்துக்காக எடுக்கப்பட்டது என்பதை எழுதிவைக்குமாறு தலைமைச் செயல் அதிகாரியைப் பொதுவாகக் கட்டாயப்படுத்தும் விதி எதுவும் இல்லை. அதை அவராகவேதான் தொடங்க வேண்டியிருக்கிறது.